நாப்பதடி மாமன்

கிட்ட வந்து உக்காருங்க. இன்னும் கொஞ்சம், தோளும் தோளும் உரசுற மாதிரி. இது தள்ளி உக்காந்து கேக்கிற கதையில்லை. தள்ளி உக்காந்தா காத்து பாதியத் தின்னுட்டு மீதியத்தான் உங்க காதுல போடும்.

ஆலடிவிலக்குல பைபாஸ் ரோடும் பழைய ரோடும் பிரியிற முக்குல சொரிமுத்துன்னு ஒருத்தன் பஞ்சர் கடை வச்சிருந்தான். அவன் கடைக்கு எதுத்தாப்புல, மாவு மில்லுக்கு மேல் மாடியில, பிலோமின்னு ஒருத்தி பிளக்ஸ் கடை நடத்திக்கிட்டு இருந்தா. கல்யாணமோ, சடங்கோ, காதுகுத்தோ, கண்ணீர் அஞ்சலியோ, அந்த வட்டாரத்துல ஒரு மனுசன் முகம் பெருசாகணும்னா அது பிலோமி கைவழியாத்தான் பெருசாகணும். செத்தவனைச் சிரிக்க வைப்பா, கறுத்தவனைச் சிவக்க வைப்பா, வாய் கோணினவனுக்கு வாயை நேராக்கிக் குடுப்பா, அம்புட்டையும் ஒரு கையால செஞ்சுகிட்டே மறு கையால முறுக்குத் தின்பா.

சொரிமுத்துவுக்குக் கூடப் பிறந்தவ ஒரே ஒருத்தி, சங்கரவடிவு, வடிவுன்னு கூப்பிடுவாங்க. அடுத்த ஊர்ல ரெண்டு லோடு வேன் வச்சிருக்கிற தளவாய்க்கு அவளைக் கட்டிக் குடுத்து அஞ்சு வருசமாச்சு. அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வச்ச பிளக்ஸ்ல சித்தப்பா படம் இருந்துச்சு, பெரியப்பா படம் இருந்துச்சு, லோடு வேன் டிரைவர் படம்கூட கண்ணாடி போட்டுக்கிட்டு நின்னுச்சு. பொண்ணுக்கு ஒரே அண்ணன், அவன் படம் மட்டும் இல்ல. சொரிமுத்து அதை மேலயும் கீழயும் ரெண்டு தடவை பாத்தான், கடைக்குப் போனான், டியூப் வெட்டுற கத்திய எடுத்துட்டு வந்தான், பேனரை உச்சியில இருந்து அடிவரைக்கும் ஒரே இழுப்பா இழுத்துட்டு, பந்தியில உக்காராமப் போனவன்தான். அன்னையில இருந்து அண்ணன் தங்கச்சிக்குள்ள பேச்சும் கெடையாது, போக்குவரத்தும் கெடையாது.

வடிவுக்குப் பொம்பளப்பிள்ளை பிறந்து, நிவாஷினின்னு பேர் வச்சு, அதுக்கு மூணு வயசாச்சு. வேன் பைபாஸைக் கடக்கையில சன்னல்ல ஒரு சின்ன மொட்டத்தலை தெரியும்; சொரிமுத்து டயரை உருட்டிக்கிட்டே அது மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டு நிப்பான். அம்புட்டுத்தான் மாமனும் மருமகளும் பழகின பழக்கம்.

இப்பக் காது குத்தணும். காது குத்தணும்னா பிள்ளை தாய்மாமன் மடியில உக்காரணும், அதுக்கு மாத்து கெடையாது. தளவாயே தட்டுல வெத்தல பாக்கு வச்சுப் பஞ்சர் கடைக்கு வந்தான். சொரிமுத்து கிரீஸ் கையை ரொம்ப நேரம் துடைச்சான், அது போதாதுன்னு சோப்புப் போட்டுக் கழுவினான், அப்புறந்தான் தட்டை வாங்குனான். அதோட விட்டிருந்தா இந்தக் கதையே இல்ல.

தளவாய்க்கு அன்னைக்கு விட்டுப்போன படம் மனசுல முள்ளாக் கெடந்துச்சு. வாயால மன்னிப்புக் கேக்கிற வம்சமில்ல அது. அவங்க எதையும் அடிக்கணக்குலதான் சொல்லுவாங்க. வடிவையும் கூட்டிக்கிட்டு நேரா மாடி ஏறி பிலோமிகிட்டப் போனான்.

"நாப்பதடி உசரம். மச்சான் மட்டும். நாங்கல்லாம் அவரு காலடியில பொடிசா நிக்கோம். பத்து நாளைக்கு முன்னாலயே பைபாஸ்ல கட்டிரணும், போற வார பஸ்ஸெல்லாம் பாக்கட்டும்."

"படம் குடுங்க அண்ணாச்சி" ன்னா பிலோமி.

வடிவு போனை நீட்டுனா. வாட்ஸப்புல அண்ணன் நம்பருக்குப் பக்கத்துல வட்டமா ஒட்டிக்கிட்டிருக்குமே, அந்தப் படம். அதுல சொரிமுத்து சிரிச்சுக்கிட்டு நிக்கான், பக்கத்துல ஒரு கிளிப்பச்சைத் தோள்பட்டை.

"இது நகத்தளவுல்லா இருக்கு! நாப்பதடிக்கு இழுத்தா படம் உடையும். ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி நிக்கும். இந்தா, எதுத்தாப்புலதான அவுக கடை இருக்கு, போய் நிக்கவச்சு ஒரு படம் எடுத்துட்டு வாங்களேன்."

"அதெப்படிம்மா? படம் குடுங்கன்னு போய் நின்னா, அஞ்சு வருசமா மச்சான் படம் ஒண்ணுகூட எங்க வீட்ல இல்லன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆவும்லா. நீ இழு."

பிலோமி வடிவு முகத்தப் பாத்தா. வடிவு தரையப் பாத்தா. பிலோமி அந்தப் பச்சைத் தோளை வெட்டி எறிஞ்சா, சொரிமுத்துவைத் தனியா எடுத்தா, பின்னால நீலவானமும் கோபுரமும் வச்சா, கழுத்துல மாலை போட்டா, இழுத்தா. இழுக்க இழுக்க அவன் வந்துக்கிட்டே இருந்தான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சவுக்குக் கம்புல பேனர் ஏறுச்சு. எட்ட நின்னு பாத்தா ராசா. கிட்ட வந்து பாத்தா தாடை தெப்பக்குளத்துப் படிக்கட்டு.

திங்கக்கிழமை காலையில சொரிமுத்து எந்திரிச்சப்போ தலகாணி கிழிஞ்சு வீடெல்லாம் இலவம்பஞ்சு பறந்துக்கிட்டு இருந்துச்சு, அவன் தாடையைத் தடவிப் பாத்தான், தாடை காதுல இருந்து நாடி வரைக்கும் படிபடியா எறங்கிச்சு, தோளும் படி, முழங்கையும் படி, விரல் நுனி ஒவ்வொண்ணும் சதுரம், ஓரமெல்லாம் புது பிளேடு.

பல் தேச்சான், கடையத் திறந்தான்.

ஊர் அதை எப்படி எடுத்துக்கிச்சுன்னு கேளுங்க. டீக்கடையில ரெண்டு கண்ணாடி கிளாஸு வாய் வச்ச எடத்துல சீவிப் போனதும், மூணாவது நாள்ல இருந்து அவனுக்குன்னு ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தனியா ஆணியில மாட்டி வச்சாங்க. சவரக்கடைக்காரர் கத்திய மேல் படியில இருந்து கீழ்ப் படிக்கு ஒவ்வொண்ணா இறக்கி, "சொரிமுத்து, உனக்கு முகம் வழிக்கதுக்குள்ள நாலு பேருக்கு மொட்டையடிச்சிரலாம்ல" ன்னு அலுத்துக்கிட்டார். எறும்பு வரிசை அவன் முதுகுல ஏறுறப்ப ஒவ்வொரு படியிலயும் நின்னு மூச்சு வாங்கிட்டுப் போகும். முருங்கக்கா வாங்கிட்டுப் போற பொம்பளைக, "அண்ணாச்சி, கொஞ்சம் கையை நீட்டுங்க" ன்னு அவன் முழங்கையில வச்சு நறுக்கிக்கிட்டுப் போனாங்க. அவனும் நீட்டிக்கிட்டே அடுத்த வண்டிக்குக் காத்துப் பிடிச்சான். சட்டை எதுவும் அவன் மேல தங்கல, உடுத்த உடுத்த நாரா வந்துச்சு. தையக்காரர் யோசிச்சு, பழைய பிளக்ஸ் துணியில ஒரு சட்டை தச்சுக் குடுத்தார். அதுல முதுகுப்பக்கம் யாரோ ஒரு தாத்தாவோட கண்ணீர் அஞ்சலிப் படம் இருந்துச்சு. சொரிமுத்து முன்னால போனா, பின்னால வாரவன் அந்தத் தாத்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் பேசுவான்.

எல்லாம் பழகிருச்சு. ஒண்ணு மட்டும் பழகல. பஞ்சர் ஒட்ட டியூப்பைத் தொட்டா, ஒட்டுன எடத்துக்குப் பக்கத்துலயே ரெண்டு புது ஓட்டை விழுந்துச்சு. அதைப் பாத்தவுடனேதான் அவனுக்கு மருமக நெனப்பு வந்துச்சு. ரப்பர் இந்தக் கதின்னா, மூணு வயசுப் பிள்ளைத் தொடை என்ன கதி?

படி ஏறி பிலோமிகிட்டப் போனான். வாசல் நிலையில தோள் உரசி மரத்தூள் கொட்டுச்சு.

"தங்கச்சி, வாற வெள்ளிக்கிழமை பிள்ளைய மடியில வைக்கணும். என்னை வழவழன்னு ஆக்கு."

பிலோமி முறுக்கைக் கீழ வச்சா. முதல்ல பேனரைக் கழட்டச் சொன்னா. கழட்டினாங்க, படி அப்படியே இருந்துச்சு, வெயில் பட்டுப் பட்டு இன்னும் இறுகிச்சு. அப்புறம் படத்தைத் திறந்து ஓரத்தையெல்லாம் கரைச்சு, மழுக்கி, மறுபடி நாப்பதடி அடிச்சுக் கட்டினா. மறுநாள் சொரிமுத்து முகம் பனிமூட்டத்துல நிக்கிற லாரி மாதிரி ஆயிருச்சு. படி போச்சு, ஆனா கூடவே மூக்கும் போச்சு. வாயெங்க கண்ணெங்கன்னு தெரியல. குரல் தலகாணிக்குள்ள இருந்து வந்துச்சு. டயர் லீவரைப் பிடிச்சா கை லீவருக்குள்ள கலந்து வழிஞ்சுச்சு. பத்து வருசமா அவன் கையில சோறு தின்ன நாயி அவனைப் பாத்துக் குலைச்சுச்சு.

"ஆளே தெரியாத மாமன் மடியில பிள்ளை எப்படி உக்காரும்?" ன்னான் தலகாணிக் குரல்ல. "படியவே திருப்பிக் குடு. வெட்டுனாலும் அது நான்தான்."

திருப்பிக் கட்டினா. படி திரும்பி வந்துச்சு, முன்னைவிடக் கூர்மையா. அதுக்குள்ள அடுத்த வாரம் புதன்கிழமை ஆயிருச்சு.

தளவாய்க்கு ஒரு அக்கா, ஆவுடைத்தங்கம். அவ நாக்கு நீளத்துக்கு அடிக்கப் பிலோமி கடையில மிஷினே கெடையாது. "ஏட்டி வடிவு, உங்க அண்ணன் மடியில பிள்ளைய வைக்கதுக்கு, அருவாமனையில வைக்கலாம். மெட்ராஸ்ல உங்க பெரியப்பா மவன் இருக்காம்லா, ஏசி கம்பெனியில, அவனும் மாமன்தான? அவனை வரச்சொல்லியாச்சு. புது வேட்டியோட வாரான்."

வடிவுக்குத் தெரியும் அதுக்கு என்ன அர்த்தம்னு. ஒருக்கா வேற மடியில உக்காந்த பிள்ளைக்கு அந்த மடிதான் மாமன். சடங்குக்கும் அவன், கல்யாணத்துக்கும் அவன். சொரிமுத்து இனிமே வெறும் பஞ்சர் கடைக்காரன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவ பிள்ளைய இடுப்புல தூக்கிக்கிட்டு பஸ்ஸேறிப் பஞ்சர் கடைக்கு வந்தா, தொட்டுத்தான் பாப்போமேன்னு. எறக்கி விட்டதுதான் தாமசம், பிள்ளை ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு, "மாமா" ன்னு கத்திக்கிட்டு அவனைப் பாத்து ஓடுச்சு. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ. சொரிமுத்து பின்னால போனான், டயர் அடுக்குல முட்டிக்கிட்டான், இனிமே போக எடமில்ல. பிள்ளை கவுன் ரிப்பன் அவன் முட்டியில பட்டுச்சு, சத்தமே இல்லாம ரெண்டாகிக் கீழ விழுந்துச்சு.

"வராத!" ன்னு கத்தினான். "ஏட்டி வராத! போ அங்கிட்டு!"

தாய்மாமன் மருமககிட்டப் பேசின முதல் பேச்சு அதுதான். பிள்ளை நின்னுச்சு. உதடு பிதுங்குச்சு. வடிவு ஓடி வந்து அள்ளிக்கிட்டா. அண்ணன் டயருக்கு நடுவுல கையை உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு, அசையாம, முகத்துல தண்ணி படிபடியா எறங்க நின்னான்.

மாடி சன்னல்ல இருந்து பிலோமி அதைப் பாத்துக்கிட்டிருந்தா.

உள்ள வந்தா, கம்ப்யூட்டர் முன்னால உக்காந்தா, வேற யாரோ ஒரு பொண்ணோட நல்ல படம் ஒண்ணைத் திறந்து, கன்னத்து ஓரத்தைப் பெருசாக்கினா, இன்னும் பெருசாக்கினா, கட்டம் கட்டமாத் தெரியிற வரைக்கும் பெருசாக்கினா. ஒரு கட்டம் கன்னம். அதுக்கு அடுத்த கட்டம் பாதி கன்னம், பாதி பின்னால இருக்கிற சுவரு. அதுக்கு அடுத்தது சுவரு. பத்து வருசமா இந்தத் தொழில் செஞ்சவளுக்கு அன்னைக்குத்தான் மண்டையில அடிச்ச மாதிரி இருந்துச்சு: வழவழன்னு இருக்கிற முகத்துக்கு ஓரமே கெடையாது. அங்க பக்கத்துல நிக்கிறது பாதி வந்து கலந்துருக்கு.

சொரிமுத்து படத்தைத் திறந்தா. கன்னம், அடுத்த கட்டம் நீலவானம். மனுசன் முடிஞ்சான், வானம் தொடங்கிச்சு, நடுவுல ஒருத்தரும் இல்ல. சுத்தி வந்து இடது தோள்கிட்டப் பாத்தா, அவ வெட்டினதுல தப்பின ஒரே ஒரு கட்டம், பாதி சட்டை, பாதி கிளிப்பச்சை.

செருப்பப் போடாம ரோட்டைத் தாண்டி ஓடினா. "அண்ணாச்சி, சட்டையக் கழட்டுங்க." தாத்தா படத்தைக் கழட்டினான். இடது தோள்ல ஒரு விரக்கடை அகலத்துக்கு, உடம்புலயே அந்த எடம் மட்டும், உருண்டையா, மெத்துன்னு, லேசாப் பச்சை பூத்துக் கெடந்துச்சு.

"அந்தப் படத்துல உங்க பக்கத்துல நின்னது யாரு?"

"வடிவுதான். தேரோட்டத்தன்னைக்கு எடுத்தது." அவன் டயரைப் பாத்துக்கிட்டே சொன்னான். "மாத்தணும்னு தோணல."

பிலோமி அங்கேயே நின்னு வடிவுக்குப் போனைப் போட்டா. "நாளைக்கு அண்ணனுக்கு இடது பக்கம் ஒட்டி நிக்கணும்க்கா. சேலை கிழியும், ரத்தமும் வரும், நகரக்கூடாது."

"நான் ஒருத்தி நின்னாப் போதுமா?"

"போதாது. மனுசனுக்குச் சுத்தியும்லா ஓரம் இருக்கு."

"மத்தவங்க வருவாங்களா?"

"கூப்பிட்டா வரமாட்டாங்க" ன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டா.

வெள்ளிக்கிழமை. அய்யனார் கோயில்ல ஒரு பக்கம் கெடாக்கறி கொதிக்குது, ஒரு பக்கம் மேளம். பத்தரைக்கு ராகுகாலம் பிறக்கும், அதுக்குள்ள குத்தியாகணும். சொரிமுத்து மணையில உக்காந்திருக்கான், அவனைச் சுத்தி நாலு பாகத் தூரத்துக்கு ஒரு சனம் இல்ல. மெட்ராஸ்காரன் புது வேட்டியில தயாரா ஓரமா நிக்கான், மணி பத்தே கால். ஆவுடைத்தங்கம் மயில்கழுத்துப் பட்டுல நின்னு, "என்ன பாக்கிய, அந்தத் தம்பிய உக்காரச் சொல்லுங்க" ன்னு ஆரம்பிச்சா. காது குத்துற ஆசாரி கம்பிய எலுமிச்சம்பழத்துல குத்தி வச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பாக்கார்.

அப்பத்தான் பிலோமி கழுத்துல கேமராவ மாட்டிக்கிட்டு நடுவுல வந்து கையைத் தட்டினா.

"குத்துறதுக்கு முன்னால ஒரு குரூப் போட்டோ! அடுத்த பேனருக்கு! வாரவங்க வாங்க, வராதவங்க படம் இல்ல!"

வேற எதைச் சொல்லியிருந்தாலும் அந்தச் சனம் அசைஞ்சிருக்காது. அறுபது பேர் வந்து நின்னாங்க. ஆனா தள்ளி நின்னாங்க. வடிவு மட்டும் நேராப் போயி அண்ணனுக்கு இடது பக்கம் ஒட்டினா. சேலை சர்ருன்னு கிழிஞ்சுது, கையில சிவப்பா ஒரு கோடு எறங்கிச்சு. அவ பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேமராவைப் பாத்துச் சிரிச்சா.

பிலோமி பின்னால போயி எல்லாரையும் அடக்கி எடுக்கிறதுக்குப் பதிலா, ரெண்டு எட்டு முன்னால வந்து நின்னுக்கிட்டா.

"ஓரத்துல நிக்கிற ஒருத்தரும் படத்துல இல்ல. உள்ள வாங்க. இன்னும் உள்ள."

ஒரு அடி நகந்தாங்க.

"மதினி, மயில்கழுத்துச் சேலை, நீங்க பாதிதான் தெரியுதீங்க. மூக்குத்தி வெளிய நிக்கு."

"மூக்குத்தியா!" ஆவுடைத்தங்கம் ரெண்டு பேரை இடிச்சுக்கிட்டு உள்ள பாஞ்சா, சொரிமுத்துவோட வலது தோள்ல போயி ஒட்டினா. பட்டு கிழிஞ்ச சத்தம் எல்லாருக்கும் கேட்டுச்சு. "ஐயோ எஞ்சேலை!" "அசையாதீங்க மதினி, இப்பத்தான் அழகா இருக்கு." அசையல. அவளே உள்ள போயிட்டா நமக்கென்னன்னு மத்தவங்களும் நெருக்கினாங்க, மெட்ராஸ்காரனும் முதுகுப்பக்கம் போயிச் சாஞ்சான், ஆ, ஊன்னு சத்தம், ஒருத்தன் முழங்கை, ஒருத்தி வளையல், ஒருத்தர் தொப்பை. தொட்ட தொட்ட எடத்துல எல்லாம் படி பாதி அவங்க நிறத்தைக் குடிச்சு, அவங்க பாதி அவன் நிறத்தை வாங்கி, ஓரம் ஓரமா அவன் உருண்டுக்கிட்டே வந்தான்.

தொடையும் முட்டியும் மட்டும் மிச்சம். முன்னால யாரும் நிக்க முடியாது, நின்னா கேமராவ மறைக்கும். மணி பத்து இருபத்தஞ்சு. பிலோமி தளவாயைப் பாத்தா.

"அண்ணாச்சி, நீங்க உசரம், தலை வெட்டுது. முன்வரிசை தரையில உக்காரணும். மச்சான் முட்டியில முதுகைச் சாச்சு."

காதுகுத்து வீட்டுக்காரன். வெள்ளைச் சட்டை. தரையில, மச்சான் காலடியில. எல்லாரும் பாக்காங்க. தளவாய் மணியப் பாத்தான், வடிவு கையில எறங்கின சிவப்பைப் பாத்தான். வேட்டிய மடிச்சுக்கிட்டு உக்காந்தான். முதுகைச் சாச்சான். சட்டை ஆறு எடத்துல வாயைத் திறந்துச்சு.

"மாப்ள" ன்னான் சொரிமுத்து மெதுவா, "வலிக்கும்."

"இருக்கட்டும் மச்சான். சாஞ்சுக்கிடுதேன்."

ஒட்டுப் போட்ட டியூப்பை அழுத்திப் பிடிப்பாங்களே, அந்த மாதிரி அறுபது பேரும் அழுத்திக்கிட்டு நின்னாங்க. "அசையாதீங்க, இன்னொண்ணு. சிரிங்க, இன்னொண்ணு." பிலோமி கேமராவ ஒரு கையில வச்சுக்கிட்டே மறு கையால பிள்ளையத் தூக்கித் தளவாய் தோளுக்கு மேலா நீட்டினா. பிள்ளை முந்தின நாள் வாங்கின சத்தத்தை மறக்கல. காலை மடக்கிக்கிட்டு மாமன் முகத்தையே பாத்துச்சு.

"வாட்டி" ன்னான் சொரிமுத்து. "வா தாயி."

உக்காந்துச்சு. கவுன் கிழியல. தொடையில கீறல் இல்ல. சொரிமுத்து ரெண்டு கையையும் கொண்டுவந்து, அது ஏதோ சூடான பாத்திரம் மாதிரி, முதல்ல விரல் நுனியால தொட்டு, அப்புறம் உள்ளங்கையால, அப்புறம் முழுக்கையால சேத்துப் பிடிச்சான். ஆசாரி குனிஞ்சார். வலது காது. பிள்ளை வீல்னு கத்தி மாமன் கட்டைவிரலை இறுக்கிப் பிடிச்சுக்கிச்சு. இடது காது. பத்தரை.

அன்னையில இருந்து அந்த அறுபது பேருக்கும் உடம்புல ஒரு ஓரம் கொஞ்சம் கிரீஸ் கறுப்பு. எந்தச் சோப்புக்கும் போகாது. ஆவுடைத்தங்கம் அந்தத் தோள் தெரியிற மாதிரியே சேலை கட்டப் பழகிக்கிட்டா, கேட்டா மச்சம்னு சொல்லுவா.

பந்தி நடந்துச்சு. சொரிமுத்து மருமகளை மடியவிட்டு எறக்காமலே ஊட்டிக்கிட்டு இருந்தான். தளவாய் கிழிஞ்ச சட்டையோட பந்தி விசாரிச்சுக்கிட்டே வந்து பிலோமி இலை முன்னால குனிஞ்சான்.

"ஏம்மா பிலோமி, அந்தக் குரூப் படம் இருக்குல்லா, அதை அறுபதடிக்கு இழுத்திரு. ஆளுக்கு ஒரு அடி. நீ ஒண்ணும் சொல்லாத, நான் முடிவு பண்ணிட்டேன். அறுபதடி அடிக்கிற மிஷின் டவுன்லதான இருக்கு, அந்தக் கேமரா கார்டைக் குடு, இப்பவே வேன்ல குடுத்துவிடுதேன்."

பிலோமி பந்திய ஒரு சுத்துப் பாத்தா. ஒட்டி ஒட்டி உக்காந்து தின்னுக்கிட்டு இருந்த அறுபது தலை, படத்துக்குள்ள ஒவ்வொண்ணும் மிளகாவிதையளவு.

"அதுக்கென்ன அண்ணாச்சி" ன்னா. இடது கையால கேமராவைத் திறந்து, நகத்தளவு இருந்த அந்தக் கார்டை எடுத்து இலையில வச்சா. அது மேல சோத்தை அள்ளி, கறிக்குழம்பைத் தொட்டு, பதமா ஒரு உருண்டை பிடிச்சு, வாயில போட்டு ஒரே முழுங்கா முழுங்கிட்டு, ரசவாளிக்காரரைப் பாத்துக் கையை நீட்டினா.